ரோஸ் கிண்ணம்

“எந்திரி, ஆறிடப் போகுது!” என்று உலுக்கினாள் யாசுவான். தைபேயில் அந்தப் பல்கலைக்கழக விடுதிக்கு ரெத்னோ படிக்க வந்து மூன்று மாதம். ஒரே அறையில் இருந்தும் ‘ம்’ என்பதற்கு மேல் பேசாதவள் யாசுவான்.

காய்ச்சலில் கிடந்த ரெத்னோ போர்வையை விலக்கினாள். ஆவி பறக்கக் கஞ்சி.

“நீயா செஞ்சே?”

“பின்னே? ரெண்டு நாளா பட்டினி கிடக்கறே. இஞ்சி தட்டிப் போட்டிருக்கேன். பன்னி கின்னி ஒண்ணும் சேர்க்கலை, பயப்படாதே.”

ரெத்னோவுக்குக் கண் கலங்கியது.

“ஊத்திக் குடுக்க என்கிட்ட கிண்ணம் இல்லை. ஊர்லேர்ந்து நேத்து வந்த உன் பார்சலைப் பிரிச்சுட்டேன், கோவிச்சுக்காதே. அழகா ரோஸ் கிண்ணம்! கைப்பிடி வேற நீளமா. உங்க ஊர்ல எல்லாரும் இதுலதான் சாப்பிடுவீங்களா?”

ரெத்னோ கிண்ணத்தைப் பார்த்தாள். யாசுவானின் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தாள்.

சாயங்காலம் சுராபயாவிலிருந்து அம்மா போன் செய்தாள்.

“பார்சல் வந்துச்சாடி? அங்கே கக்கூஸ்ல வெறும் காகிதம்தான், கழுவ வழியில்லைன்னு அழுதியே, அதுக்குத்தான் அந்த ரோஸ் மக்கு. இப்ப நிம்மதியா?”

“ரொம்ப நிம்மதிம்மா. இன்னொண்ணு அனுப்பு” என்றாள் ரெத்னோ. “வேற கலர்ல.”