ஆமோஸின் முடிவு

அந்தக் கல்லூரியில் அமெரிக்க நாவல்களை யாரும் வாசிப்பதில்லை. கைடு போதும். ஒரு கைடைப் பார்த்துத்தான் அடுத்த கைடை எழுதுவார்கள் என்பதால், முதல் கைடில் விழுந்த தவறு கடைசிக் கைடு வரைக்கும் வந்துசேரும். அப்படித்தான் பாடமாக இருந்த நாவலில் வரும் தப்பியோடிய அடிமை ஆமோஸ் எல்லாக் கைடுகளிலும் தூக்கில் தொங்கினான். நாவலை முழுதாக வாசித்தவள் அருள்செல்வி மட்டுமே. அதில் அவன் ஒரு வைக்கோல் வண்டிக்குள் ஒளிந்து ஆற்றை நோக்கிப் போகிறான். வேட்டை நாய்களின் குரைப்பு நெருங்கி வருவதோடு நாவல் முடிந்துவிடுகிறது.

வாய்மொழித் தேர்வு அறையின் வாசலில் தோழி ஜெபராணி அவள் கையைப் பிடித்தாள். “ஏட்டி, தூக்குல போட்டாச்சுன்னு சொல்லிரு. போன தடவ மாதிரி எதுத்துப் பேசி ஃபெயிலாயிட்டு வந்தா, உங்கப்பா படிப்ப நிறுத்திக் கல்யாணத்த வச்சிருவாரு. அவன் செத்தாத்தான் நீ பாஸு.”

உள்ளே தேர்வாளர் கைடிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். “கடைசில ஆமோஸ் என்னம்மா ஆனான்?”

அருள்செல்வி அந்த வைக்கோல் வண்டியை நினைத்துக்கொண்டாள். உயிரோடு இருக்கிறான் என்று சொன்னால் இவரும் பக்கம் பக்கமாக அவனைத் தேடத் தொடங்குவார். செத்தவனை யாரும் தேடுவதில்லை.

“தூக்குல போட்டுட்டாங்க சார்.”

அவர் மெல்ல நிமிர்ந்து அவளைப் பார்த்தார். “நிச்சயமா?”

“நானே பாத்தேன் சார்” என்றாள்.