சாமிக்குப் புது ரகம்

"இது ஏற்கெனவே பிடிச்சதுதானடா?" என்றது சாமி, சுருட்டை முகர்ந்துவிட்டு.

வாஞ்சிநாதன் அவசரமாகக் கும்பிட்டார். "இல்லை சாமி. போன மாசம் கொண்டு வந்தது மணிலா. இது பர்மா. நியூ மார்க்கெட் கடைக்காரன் சத்தியம் பண்ணிக் கொடுத்தான்."

"அவன் சத்தியத்தை அவன்கிட்டயே திருப்பிக் கொடுத்துடு. மேல சுத்தியிருக்கற இலை மட்டும்தான் பர்மா. உள்ள மணிலாத் தூசி."

பெஹாலாவில், துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் செல்வராஜின் வீட்டு மொட்டை மாடி அது. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் செல்வராஜ் மேல் கருப்பசாமி இறங்கும். கல்கத்தாவில் இருக்கிற தமிழர்களில் குறை உள்ளவர்கள் ஆளுக்கொரு சுருட்டோடு வந்து நிற்பார்கள்.

ஊரில் இருக்கிற கருப்பனுக்கு எந்தச் சுருட்டானாலும் சரி. இந்தக் கருப்பன் அப்படியில்லை. நாலு தேசத்துக் கப்பல் வந்து போகிற ஊரில் குடியேறியதாலோ என்னவோ, ஒருமுறை பிடித்த ரகத்தை மறுமுறை தொடாது. புதுசு வேண்டும். பக்கத்து வீட்டு வங்காளிகளுக்கு வங்காளத்திலேயே குறி சொல்லும். அவர்கள் கொண்டு வரும் சந்தேஷ் இனிப்பை மட்டும் ஏறெடுத்தும் பார்க்காது.

வாஞ்சிநாதனுக்கு இருந்தது ஒரே குறை. சென்ட்ரல் கவர்ன்மென்ட் உத்தியோகம். திருச்சிக்கு மாற்றல் கேட்டு மூன்று வருஷமாகிறது. மனைவி விஜயலக்ஷ்மியும் பெண் மஹிமாவும் உறையூரில். மஹிமாவுக்கு முன்பல் விழுந்ததையும் மறுபடி முளைத்ததையும் அவர் போட்டோவில்தான் பார்த்தார்.

வாழ்நாளில் பீடிகூடத் தொடாத மனுஷன், இப்போது சுருட்டைக் காதோரம் உருட்டிப் பார்த்தே ஈரம் பட்ட சரக்கா இல்லையா என்று சொல்லிவிடுவார். சுமத்ராச் சுருட்டு தேடி டாலிகஞ்ச் வரை டிராமில் போனார். கிரேக்கக் கப்பல் சமையல்காரன் ஒருவனிடம் முக்கால் மணி நேரம் சைகையிலேயே பேசி ஒன்று வாங்கி வந்தார். இப்படிப் பத்து மாதத்தில் பத்து ரகம். பத்தையும் பிடித்துவிட்டுச் சாமி சொன்னது ஒரே பதில்தான்: "அடுத்த மாசம் பார்க்கலாம்."

இன்று அவர் விடுவதாக இல்லை. பைக்குள் கைவிட்டு ஓர் அலுமினியக் குழாயை எடுத்தார். "பர்மா கிடக்கட்டும் சாமி. இதைப் பாருங்க. அசல் ஹவானா. எங்க மேலதிகாரியோட மச்சான் வச்சிருந்தது. அவர் நாயை ஒரு மாசம் வாக்கிங் கூட்டிட்டுப் போய் வாங்கினேன்."

சாமி சுருட்டை மூக்கடியில் வைத்துக் கண்ணை மூடியது. செல்வராஜின் மனைவி கோமதி தீக்குச்சி கிழித்தாள். புகை அடுத்த மாடிக்குப் போனது. அங்கே துணி எடுத்துக்கொண்டிருந்த வங்காளி மாமி ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் கும்பிட்டாள்.

"எப்படி சாமி?"

"பேசாதே. பாதிக்கு மேலதான் குணம் தெரியும்."

சுருட்டு பாதியைத் தாண்டியது.

"ம். முதல்ல வெல்லம். அப்புறம் மழையில நனைஞ்ச மரம். கடைசியில மிளகு."

"மாற்றல், சாமி?"

சாமி சாம்பலைப் பதமாகத் தட்டியது. "அடுத்த மாசம் பார்க்கலாம்."

வாஞ்சிநாதன் பொறுமை இழந்தார். "அந்த நாய் என்னை ரெண்டு தடவை கடிச்சிருக்கு சாமி. அடுத்த மாசம், அடுத்த மாசம்னா என்ன அர்த்தம்? ஆபீஸ்லயும் இதையேதான் சொல்றாங்க. அங்கயும் இங்கயும் ஒரே பதில்னா நீங்க எதுக்கு?"

"சார், சாமிகிட்ட அப்படியெல்லாம் பேசாதீங்க," என்று கோமதி பதறினாள்.

சாமிக்குக் கோபம் வரவில்லை. கையும் களவுமாக மாட்டிய குமாஸ்தா மாதிரி தலையைச் சொறிந்தது. "எதிர் வேண்டுதல் ஒண்ணு இருக்குடா."

"என்னது?"

"நீ மாற்றல் வேணும்ங்கற. இன்னொரு பார்ட்டி, உன்னை அனுப்பவே கூடாதுங்குது. அங்கேருந்தும் மாசம் தவறாம தபால்ல சுருட்டு வருது. ரெண்டு கையாலயும் வாங்கித் தொலைச்சிட்டேன். இப்ப நான் என்ன பண்ண?"

வாஞ்சிநாதனுக்குப் பளிச்சென்று புரிந்தது. ஆபீசில் அதே திருச்சி இடத்துக்கு விஸ்வநாதனும் மனுப் போட்டிருந்தான். "அந்தப் படுபாவிதானே? அவன் என்ன கொடுக்கறான், ஹவானாவை விட ஒசத்தியா?"

"பார்த்தா ஒண்ணும் இருக்காது. நூல் சுத்தின நாட்டுச் சுருட்டு. ஆனா மாசத்துக்கு ஒரு ரகம், ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லை. நம்ம பக்கம் இத்தனை ரகம் இருக்குன்னு எனக்கே தெரியாது."

"கூட லெட்டர் ஏதாவது வருதா?"

"கோமதி, அதை எடுத்து இவன்கிட்ட குடு."

"வேணாம் சாமி. சார் பாவம்."

"குடு." சொல்லிவிட்டுச் சாமி அவசரமாக மலையேறியது. செல்வராஜ் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தான். "அடடே, சார், எப்ப வந்தீங்க? வாசனை பிரமாதமா இருக்கே."

கோமதி நீட்டியதை வாஞ்சிநாதன் வாங்கிப் பிரித்தார். அவர் கையில் ஓர் இன்லண்ட் லெட்டர். மேலே உறையூர் முத்திரை. உள்ளே, பத்து வருஷமாகப் பழகிய கையெழுத்து.

"கருப்பசாமிக்கு விஜயலக்ஷ்மி எழுதிக்கொண்டது. இங்கே இருந்த வரைக்கும் அவர் என்னிடம் 'சாம்பாரில் உப்பு இல்லை' என்பதைத் தவிர வேறு ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணி, கிரேக்கன் கதை, நாய்க் கதை, சுருட்டுக் கதை என்று அரை மணி நேரம் என்னைச் சிரிக்க வைக்கிறார். இன்னும் ஒரே ஒரு வருஷம் அவரை அங்கேயே வைத்திரு சாமி."