அலைக்கு முன்னால்

யுபிஎஸ் கத்தத் தொடங்கியது.

அவன் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு அறைக்கு ஓடினான்.

மின்விசிறி நின்றிருந்தது. கணினித் திரை மட்டும் எரிந்தது. அதில் ஒரு தீவு. தீவைவிட உயரமாக ஒரு அலை. அலைக்கும் வீடுகளுக்கும் நடுவே விரல் அகலத்துக்குக் கரை.

எதுவும் அசையவில்லை.

அவன் மனைவி தாரிணி விளையாட்டை நிறுத்திவிட்டுப் போனபடியே இருந்தது.

காய்ச்சலோடு ஆட்டோவில் ஏறும்போதும் அவள் சிரித்தாள். “வந்து நான் பாத்துக்கறேன். நீ தொட்டுடாத. எல்லாரையும் கொன்னுடுவ.”

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்பவில்லை.

அவன் கணினியை அணைக்கவில்லை. கரண்ட் அடிக்கடி போகும். உடனே வந்துவிடும்.

ஜன்னலில் எட்டிப் பார்த்துக் கீழ்வீட்டு அக்காவிடம் கேட்டான்.

“இன்னைக்கு ஷட்டவுன் தம்பி. பேப்பர்ல போட்டிருந்தானே, பாக்கலயா? சாயங்காலம்தான் வரும். மேல வெந்து போயிடுவ. கீழ வந்து உக்காந்து சாப்பிடு.”

அவன் பேப்பர் பார்ப்பதை விட்டிருந்தான்.

இந்தத் தீவை அவள் சேமிக்கவே இல்லை. நிறுத்தி வைத்திருக்கும்போது சேமிக்க விடாத பழைய விளையாட்டு. சேமிக்க வேண்டுமென்றால் ஓட விட வேண்டும்.

ஓட விட்டால் அலை வரும்.

விடாவிட்டால் தீவே இருக்காது.

யுபிஎஸ் வேகமாகக் கத்தியது.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். இதில் விளையாடுபவர்தான் கடவுள். ஆனால் கடவுளால் ஆட்களை நகர்த்த முடியாது. மண்ணை உயர்த்தலாம், தாழ்த்தலாம். அவ்வளவுதான். அதற்கான சக்தியும் அவர்கள் வேண்டிக்கொண்டால்தான் ஏறும்.

திரையின் மூலையில் சக்தி கொஞ்சமே இருந்தது.

கரை நெடுகிலும் குட்டி மனிதர்கள். எல்லோரும் கைகளை மேலே தூக்கியிருந்தார்கள்.

ஐசியு வாசலில் அவனும் அப்படித்தான் நின்றான்.

மவுஸைப் பிடித்தான். கை வழுக்கியது. சட்டையில் துடைத்துக்கொண்டான்.

ஓட விட்டான்.

அலை நகர்ந்தது.

ஊருக்கு முன்னால் மண்ணை உயர்த்தினான். இன்னும். இன்னும் கொஞ்சம். சக்தி தீர்ந்தது.

தீவின் முனையில் தனியாக ஒரு வீடு இருந்தது. மேடு அதுவரை எட்டவில்லை.

அலை மேட்டில் மோதித் திரும்பியது. போகிற போக்கில் முனையை வழித்துக்கொண்டு போனது.

ஊர் தப்பியது.

ஊர்க்காரர்கள் கைகளை இறக்கினார்கள். வயலுக்குத் திரும்பினார்கள். யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

முனையில் வீடு இல்லை. வீடு இருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒருவன் மட்டும் நின்றான்.

அவன் கைகள் மேலேயே இருந்தன.

யுபிஎஸ் இப்போது விட்டுவிட்டுக் கத்தவில்லை. ஒரே சத்தம்.

சேமிக்கும் பொத்தான்மேல் விரல் இருந்தது. அழுத்தவில்லை.

“இறக்குடா,” என்றான். “கையை இறக்கு.”

முனையில் நின்றவன் அசையவில்லை.

பிறகு இறக்கினான்.

கடலைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றான். திரும்பி ஊர்ப்பக்கம் நடந்தான்.

இவன் பொத்தானை அழுத்தினான்.

திரை கறுத்தது. சத்தமும் நின்றது.

சேமித்ததா, தெரியவில்லை. சாயங்காலம்தான் தெரியும்.

கறுத்த திரையில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு தட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினான்.