கடைசிப் பக்கத்து அபிப்பிராயம்

ராஜபாளையம் வாடகை நூல் நிலையத்தின் மேஜைமேல் அந்த மாத நாவலை வீசினார் சங்கரலிங்கம்.

"ப்ளஸ் டூ படிக்கிற எம்பொண்ணுக்கு இதையா குடுத்தீரு? டியூஷன்ல காதல், டவுன் பஸ்ல காதல். பெத்த தகப்பனைக் கோமாளியாக்கி வச்சிருக்கான்."

"சும்மா சிரிக்கிறதுக்கு எழுதின கதைண்ணே," என்றார் கடைக்காரர் ஞானதுரை.

"அதுகூடப் போகட்டும். இதைப் படிச்சிட்டு எவளோ கடைசிப் பக்கத்துல அபிப்பிராயம் எழுதியிருக்கா, கேளும்."

புத்தகத்தைப் பிரித்து உரக்க வாசித்தார் சங்கரலிங்கம்.

"'அருமையான கதை. இதில் வரும் அப்பா என் வீட்டுக்காரரைப் போலவே எதற்கெடுத்தாலும் கத்துகிறார். சிரித்து மாளவில்லை.' கட்டின புருஷனைப் பத்தி ஒருத்தி எழுதுற எழுத்தா இது? பொண்டாட்டிய இப்பிடி எழுத விட்டிருக்கானே, அவனெல்லாம் ஒரு ஆம்பளையா? பேரைச் சொல்லும். நேர்ல போயி அவனை நாலு கேள்வி கேக்கேன்."

"வேண்டாம்ணே, விடுங்க."

"சொல்லும்ங்கேன்."

ஞானதுரை பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தார். சங்கரலிங்கத்தின் மகளுக்கு முன்னால் அந்த நாவலை ஒரே ஒருவர்தான் எடுத்திருந்தார். கடைசிப் பக்கத்தில் இருந்த அதே உருண்டை எழுத்தில் பெயர் இருந்தது.

'பரிபூரணம், க/பெ. சங்கரலிங்கம்.'