மூச்ச இழுத்துப் பிடிங்க

"மூச்ச நல்லா இழுத்துப் பிடிங்க. நான் சொல்ற வரைக்கும் விடக்கூடாது."

மிஷன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற ஆக்ஸிலியா எல்லோரிடமும் சொல்கிற வரிதான். இன்று நெஞ்சைப் பலகையோடு ஒட்டி நிற்பது அவள் புருஷன்.

கொடைக்கானல் குளிருக்குப் பலகை ஜில்லிட்டுப் போயிருந்தது. கழுத்துச் சிலுவையையும் செல்போனையும் அவள் கையில் கொடுத்துவிட்டு, ஊசி போட வந்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வெற்றுடம்போடு நின்றான் பரமானந்தம்.

கடலோரத்தில் ஓர் அணு உலையில் அவன் டைவர். கடல்நீரைப் பம்ப் உள்ளே இழுக்கிற வாயில் இறங்கி அடைப்பெடுப்பான். உலைக்கு உள்ளேயிருக்கும் குளத்திலும் இறங்கிப் பழுது பார்ப்பான். மூச்சுக்குக் காற்று மேலேயிருந்து குழாயில் வரும். ஊர்க்காரர்களோ, அவன் மணிக்கணக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று நம்பினார்கள். அவனும் மறுத்ததில்லை. பெருமை யாருக்குத்தான் கசக்கும்?

உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று பார்க்க அவனுக்கு ஒரு பேட்ஜ் கொடுத்திருந்தார்கள். ஆக்ஸிலியாவின் கோட்டிலும் அதே மாதிரி ஒன்று உண்டு. "புருஷன் பொண்டாட்டிக்கு ஒரே தாலி" என்று ஆஸ்பத்திரியில் கேலி பேசுவார்கள்.

போன மாதம் அவன் பேட்ஜில் அளவு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. விசாரணை முடிகிற வரைக்கும் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று கம்பெனி அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

வந்ததிலிருந்து ஆள் ஆளாக இல்லை. தனித் தட்டு, தனிப் பாய். மகள் ஓடி வந்தால் கதவைச் சாத்திக்கொள்வான். சீப்பில் வந்த முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒன்றும் இருக்காது என்று ஆக்ஸிலியா தலைபாடாக அடித்துக்கொண்டாள். அவன் காதில் ஏறவில்லை.

"நீயே ஒரு படம் எடுத்துப் பாரு ஆக்ஸி. உள்ள எவ்வளவு ஏறிக் கெடக்குன்னு தெரிஞ்சிரும்ல."

எக்ஸ்ரேயில் அதெல்லாம் தெரியாது. சொன்னால் கேட்கிற நிலையிலும் அவன் இல்லை. ஏதோ ஒரு படத்தைக் காட்டி, சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் பிள்ளையைத் தூக்குவான் என்றுதான் கூட்டிவந்திருந்தாள்.

உள்ளூர அவளுக்குச் சந்தோஷம். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்தச் சோலியே வேண்டாம் என்று கல்யாணமான நாளிலிருந்து கெஞ்சிக்கொண்டிருந்தவள் அவள். அவன் தண்ணீரில் இறங்குகிற நாளெல்லாம் அவளுக்குச் சோறு இறங்காது. இது போதாதென்று அவள் தம்பி டிக்சனையும் அதே கம்பெனியில் சேர்த்துவிட்டிருந்தான். நல்லவேளை, டிக்சன் மேலே நின்று காற்றுக் குழாயைப் பிடிக்கிறவன். காலைக்கூட நனைப்பதில்லை. அவனைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை.

இப்போது புருஷனும் கரையேறிவிட்டான். பயந்துபோய்க் கிடந்தாலும் கண் முன்னால் கிடக்கிறான். பயம் நாளாக ஆகத் தெளிந்துவிடும்.

ஈயக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் பட்டனில் விரலை வைத்தாள்.

கையிலிருந்த அவன் போன் அதிர்ந்தது. சூப்பர்வைசர் திருமலைச்சாமி. திரும்பவும் வேலைக்குக் கூப்பிடுகிறார்களோ என்று திக்கென்றது. எடுத்துக் காதில் வைத்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்தது.

"பரமு, ஒன் எடத்துல டிக்சனத்தான் எறக்குனோம். பம்ப நிறுத்தியாச்சுன்னுதான் சொன்னாங்க. ஓடிக்கிட்டு இருந்திருக்கு. இழுத்துருச்சு பரமு. ஒடம்ப இன்னும் வெளிய எடுக்க முடியல. ஒன் வீட்டம்மாகிட்ட நீதான் பக்குவமாச் சொல்லணும்."

போன் கட்டாயிற்று.

ஒருவன் இறங்காவிட்டால் குழாய் பிடிக்கிறவனைத்தான் இறக்குவார்கள் என்று அவளுக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

போன லீவுக்கு வந்தபோது மறதியாகச் சட்டைப் பையிலேயே பேட்ஜைக் கொண்டுவந்திருந்தான் பரமானந்தம். அவனுக்குத் தெரியாமல் அதை இங்கே எடுத்துவந்தவள் அவள். இதே பலகையில், இப்போது அவன் நெஞ்சு இருக்கிற இடத்தில், பிளாஸ்திரி போட்டு ஒட்டினாள். இதே பட்டனை அமுக்கினாள். போதுமோ போதாதோ என்று மறுபடி மறுபடி அமுக்கிவிட்டு, அதே சட்டைப் பையில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டாள்.

பலகையில் அவன் முதுகு விறைத்து நின்றது. அவள் இன்னும் சொல்லவில்லையே.

"விடுங்க," என்றாள். படம் எடுத்தாளா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை.

அவன் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான்.

"ஒங்களுக்கு ஒண்ணும் இல்லைங்க. மாதா சத்தியமா, ஒங்களுக்கு ஒண்ணுமே இல்ல."

இத்தனை நாள் நம்பாதவன் இப்போது நம்பினான். இப்படிக் கண்ணீர் வழிய நின்று யாராவது பொய் சொல்வார்களா? அவனுக்கும் அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. சட்டையைக்கூடப் போடாமல் தடுப்பைச் சுற்றி வந்து, ஊர் திரும்பியதிலிருந்து முதல் தடவையாக அவள் தலையைத் தொட்டான்.

"டிக்சன் பய பாவம், எனக்கு என்னமோ ஏதோன்னு தெனமும் போன் போட்டுக் கேட்டுக்கிட்டுக் கெடக்கான். அவனுக்கு மொதல்ல சொல்லிருவோம்," என்று போனுக்குக் கையை நீட்டினான்.