சுவர் இருந்தால்தான் கூரை

"எறங்கு மஹ்மூத்! புயலே விட்டுட்டுப் போன கூரைய நீ என்னத்துக்குப் பிரிக்கிற?"

கடைவாசலில் நின்று முனாப் போட்ட சத்தத்தில் கடுகண்ணாவைக் கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. எதிர்வீட்டுக் கூரைமேல் தையல்காரர் மஹ்மூத் குந்தியிருந்தார். தென்னோலைக் கிடுகுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து அவர் கீழே நீட்ட, மனைவி ஆஸியா வாங்கிக் கொல்லைப்புறத்தில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பழைய கிடுகு, நானா," என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார் மஹ்மூத்.

"பழசா? போன நோன்புக்கு முந்தி வேஞ்சது! பத்து மணிக்குக் கமிட்டிக் கார் வாற நாள் பாத்துத்தான் பழசாப் போச்சா?"

மஹ்மூத் அடுத்த முடிச்சை அவிழ்த்தார்.

விஷயம் யாருக்குத்தான் விளங்காது? புயல் அடித்து மூன்று கிழமை. பாதி ஊருக்குக் கூரை இல்லை. கிடுகுக்கு ஒரே அடிபிடி. கண்டியிலிருந்து வந்த நிவாரணக் கமிட்டி ஒவ்வொரு வீட்டுக்கும் பத்துக் கூரைத் தகரம் கொடுக்கிறது. ஆனால் அதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். வீட்டுக்குச் சுவர் நிற்க வேண்டும், கூரை போயிருக்க வேண்டும்.

"வெக்கம் கெட்டவன். அவிழ்த்த கிடுகையும் அடுக்கி வெக்கிறான் பாரு, விக்கத்தான்," என்று முனாப் வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார்.

சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. இந்த ஊரில் கமிட்டியின் ஆள் அவர்தான். அவர் தலையாட்டினால் தகரம் வரும், இல்லாவிட்டால் வராது.

கார் வந்தது. கமிட்டிச் செயலாளர், கண்டி வக்கீல் கணபதிப்பிள்ளை புரொக்டர் குடையோடு இறங்கினார். ரயில் பாதைச் சரிவைத் தாண்டும்போது அங்கம்மா கைக்குழந்தையோடு ஓடி வந்து மறித்தாள். தேயிலை விலை விழுந்து தோட்டத்தில் ஆள் குறைத்தபோது, புருஷன் காளிமுத்துவோடு ஹேவாஹெட்டயிலிருந்து வந்து சரிவில் குடிசை போட்டவள். புயலில் குடிசை அடியோடு போய்விட்டது. இப்போது நாலு கம்பும், அவற்றைச் சுற்றிக் கட்டிய வரிச்சுக் குச்சிகளும்தான் நின்றன.

"ஐயா, எங்களுக்கும் தகரம் குடுங்கய்யா. புள்ளைக்கு மூணு நாளாக் காய்ச்சலுங்க."

"போன கிழமையும் சொன்னனான்தானே. சுவர் எங்கை?"

"ரெண்டு வாட்டி மண்ணு அப்பினோமுங்க. ரெண்டு வாட்டியும் மழை கரைச்சிருச்சு. கூரைய முதல்ல போட்டாத்தானுங்க சுவரு நிக்கும்."

"சுவர் இல்லாமல் கூரையோ?" புரொக்டருக்குச் சிரிப்பு வந்தது. கண்டியில் அவர் கட்டிய மாடிவீட்டில் சுவர்தான் முதலில் எழும்பியது. "வீடு எண்டால் சுவர் இருக்க வேணும். சுவரை எழுப்பிப்போட்டு வந்து சொல்லு."

"சட்டம் சட்டம்தானே," என்று முனாப் ஒத்து ஊதினார்.

அடுத்தது மஹ்மூத் வீடு. நாலு சுவரும் கல்லுப்போல நின்றன. மேலே வானம் தெரிந்தது. தையல் மெஷினை மெழுகுசீலையால் மூடி, பக்கத்தில் மஹ்மூத் தலை குனிந்து நின்றார்.

"ஓம், இதுதான் வீடு. புயலிலை போனதோ?"

மஹ்மூத்துக்குப் பொய் வாயில் வரவில்லை. முனாப் தொண்டையைச் செருமினார்.

"ஐயா, இதுல ஒரு விஷயம் ஈக்கு..."

மஹ்மூத் நிமிர்ந்து பார்த்தார். முனாப்பை அல்ல, எதிரே முனாப்பின் கடைக்குப் பின்னால் புத்தம் புதிதாகப் பளபளத்த தகரக் கூரையை. அதன் கீழே முனாப்பின் பசுமாடு சுகமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. கமிட்டிப் பட்டியலில் அந்தக் கொட்டகைக்குப் பெயர் வீடு.

"என்ன விஷயம்?" என்றார் புரொக்டர்.

"ஒண்டுமில்ல ஐயா. பாவம், நல்ல மனிசன். பத்து எழுதுங்க."

பின்னேரமே தகரம் வந்து இறங்கியது. திருடனுக்குத் திருடன் சாட்சி சொல்ல வேண்டியதாகிவிட்டதே என்று முனாப்புக்கு ஒரே எரிச்சல்.

மறுநாள் விடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. புதுத் தகரத்தின்கீழ் சொகுசாக இருப்பவனை நாலு வார்த்தை கேட்டே தீருவது என்று முனாப் குடையை விரித்துக்கொண்டு போனார்.

மஹ்மூத் கூரைமேல் இருந்தார். தொப்பலாக நனைந்தபடி, நேற்று அவிழ்த்த அதே கிடுகைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க தகரம்? ஒரு ராவுக்குள்ள வித்துட்டியா?"

"அந்தக் கயித்தக் கொஞ்சம் எறியுங்க நானா."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு!"

கயிற்றை எடுத்து மேலே எறிந்த ஆஸியா சரிவுப் பக்கம் கையைக் காட்டினாள்.

அங்கே அந்த நாலு கம்பின்மேல் பத்துத் தகரமும் மழையில் சடசடத்துக்கொண்டிருந்தன. கீழே, ஒரு சொட்டு நனையாத இடத்தில், குழந்தை துணித்தொட்டிலில் தூங்கியது. காளிமுத்துவும் அங்கம்மாவும் வரிச்சில் மண்ணை அப்பிக்கொண்டிருந்தார்கள். சுவர் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டிருந்தது.

முனாப் குடையைச் சாய்த்து எட்டிப் பார்த்தார்.

"சுவர் இல்லாட்டிக் கூரை குடுக்க மாட்டாங்களே நானா," என்றாள் ஆஸியா. "அதான் எங்கட சுவர ஒரு நாளைக்கு அவங்களுக்கு இரவல் குடுத்தோம்."