டெய்சிக்குச் சொன்னது

கண்டாவளைப் பகுதி மக்களின் மன உளைச்சல் யாவும் சனிக்கிழமை காலை ஒன்பது மணி தொடக்கம் பிற்பகல் ஒரு மணி வரை நீக்கப்படும் என அறிவிக்கப்பட்டிருந்தது. நீக்குவதற்காகக் கொழும்பிலிருந்து டெய்சி என்ற நாய் வந்திருந்தது. அதற்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அது முகர்ந்து பார்த்துவிட்டு அதன்மேலேயே படுத்துக்கொண்டது.

திட்ட இணைப்பாளர் பிரதாபன் உரையாற்றினார். நாயைத் தடவினால் இரத்த அழுத்தம் குறையும், நித்திரை வரும், நெஞ்சில் அடைத்துக் கிடப்பது வாய்க்கு வரும் என்றார். உரை முடியுமுன்பே முன்வரிசையில் இரண்டு பேருக்கு நித்திரை வந்துவிட்டது.

நாயைச் சந்திக்க முதலாம் இலக்கத் துண்டுச்சீட்டு விமலேஸ்வரிக்கு. இரண்டாவது, பக்கத்து வீட்டுச் சிற்றம்பலத்துக்கு. அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றி வந்தவரும் அவர்தான். யுத்தம் முடிந்த நாள்முதல் ஆஸ்பத்திரி, அரசாங்கக் கச்சேரி எல்லாவற்றுக்கும் அவர்தான்.

"நாயிட்டைக் கதைக்கவும் நம்பராம், தங்கச்சி," என்றார் சிற்றம்பலம். "காணாமல் போனாக்களின்ரை ஆணைக்குழுவில மனுசர் இருந்து கேட்டவை. இது அவையை விடத் திறமாம். கொட்டாவி விடாதாம்."

விமலேஸ்வரி சிரிக்கவில்லை. அவள் சிரித்தோ அழுதோ அயலில் ஒருவரும் கண்டதில்லை. போ என்றால் போவாள், இரு என்றால் இருப்பாள்.

மண்டபத்துக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் ஒரு கதிரை போட்டிருந்தது. பிரதாபன் குனிந்து, டெய்சியின் கழுத்துப்பட்டியிலிருந்த கறுப்புப் பொத்தானை நேராக்கிவிட்டு நிமிர்ந்தார்.

"இஞ்ச சொல்லுறது வெளியில போகாதோ, தம்பி?"

"நாய் ஆரிட்டையம்மா சொல்லப்போகுது? நான் கதவைச் சாத்திப்போட்டு வெளியில நிக்கிறன்."

டெய்சி வந்து அவள் மடியில் தலையை வைத்தது. அவள் அதைச் சுவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். கை மட்டும் தன்பாட்டில் தடவியது. பத்து நிமிடம் கழித்து வாய் திறந்தது.

"சண்டைக்குப் பிள்ளை பிடிக்க வந்தவங்கள் முதல் எங்கட வீட்டுக்குத்தான் வந்தவங்கள்." வேறு யாருடையதோ கதைபோலச் சொன்னாள். "என்ரை மகள் அலுமாரிக்குப் பின்னால. அவளைத் தேடாமல் போகட்டுமெண்டு, பக்கத்து வளவுக் கிணத்தடியைக் கையால காட்டினனான். அங்க ஒளிச்சிருந்தது சிற்றம்பலத்தண்ணையின்ரை மகன் ஜெயந்தன்."

அவள் பேரைச் சொல்லும்போதே டெய்சி பின்னங்காலைத் தூக்கிக் கழுத்தைப் பரபரவென்று சொறிந்தது. விமலேஸ்வரி நிறுத்தவில்லை.

"என்ரை பெட்டை கனடாவில இருக்கிறாள். அவன் வரேல்லை. ஆர் காட்டிக் குடுத்ததெண்டு அண்ணை இண்டைக்கும் கேட்டுக்கொண்டுதான் திரியிறார். அவர் அறியப்படாது. அறிஞ்சாரெண்டால் எனக்கு அங்க இருக்கேலாது."

நெஞ்சு லேசாகிறதா என்று பார்த்தாள். லேசாகவும் இல்லை, கனக்கவும் இல்லை. நாய்க்கு வாயில் எச்சில் வடிந்தது.

கதவு திறந்தது. பிரதாபன் காதில் செருகியிருந்ததைக் கழற்றியபடி எட்டிப் பார்த்தார். அவர் தோளுக்குப் பின்னால், இரண்டாம் இலக்கத் துண்டைக் கையில் பிடித்தபடி சிற்றம்பலம்.

"நாய் சொறிஞ்சதில பேர் பதியேல்லையம்மா. கிணத்தடியில ஒளிச்சிருந்த பெடியன்ரை பேரை மட்டும் இன்னொருக்காச் சத்தமாச் சொல்லுங்கோ."